நியூ யோர்க் நகரக் கல்லூரியும் அதன் விளையாட்டுக் குழுக்களும்

விளையாட்டுக்கும் சமுதாயத்துக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அரசியலும் பொருளாதாரமும் மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன என்பதும், உள்ளே நடப்பது உடல் வலிமையும் திறமையும் சார்ந்த தூய போட்டியே என்பதும் அவர்தம் எண்ணம். கலையையும் இலக்கியத்தையும் பற்றி இவ்வாறே ஒரு காலத்திற் சொல்லப்பட்டது. அக்கூற்று எத்துணைப் பொருளற்றது என்பதை இலக்கிய மாணவர் இன்று நன்கறிவர். விளையாட்டைப் பற்றிய எழுத்தோ இன்னும் வெற்றி தோல்விப் பட்டியலோடும் வீரர் புகழ்ச்சியோடும் அமைந்துவிடுகின்றது. விளையாடியவர் யார், எந்த வகுப்பிலிருந்து வந்தவர், அரங்கின் வாயிலில் வசூலான பணம் எவரிடம் சென்றது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினாக்களுக்கு விடைகாண உதவும் வரலாறுகளுள் நியூ யோர்க் நகரக் கல்லூரியின் வரலாறு தலையாயது. 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அக்கல்லூரியின் கூடைப்பந்தாட்டக் குழு, ஐக்கிய அமெரிக்காவின் இரு பெருங் கல்லூரிச் சுற்றுப்போட்டிகளிலும் ஒருங்கே வெற்றியீட்டியது. அதற்கு முன்னரோ பின்னரோ வேறெந்தக் கல்லூரியும் இச்சாதனையை ஒரே பருவத்தில் நிகழ்த்தியதில்லை. பதினொரு மாதங்கள் கழிந்ததும் அதே குழுவினர் சூதாடிகளிடம் பணம் பெற்ற குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே நோக்கின், முன்னது வீரக்கதையாகவும் பின்னது ஒழுக்கக்கேட்டின் கதையாகவுமே தோன்றும். இரண்டையும் ஒரு நகரத்தின், ஒரு கல்வி நிறுவனத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்கும்போதே உண்மை புலனாகும்.

1

1847ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகர மக்கள் ஒரு வினாவுக்கு வாக்களித்தனர். பொதுப் பணத்தில், கட்டணம் எதுவுமின்றி, உயர்கல்வி அளிக்கும் நிறுவனம் ஒன்றை அமைக்கலாமா என்பதே அவ்வினா. கல்விச் சபையின் தலைவராயிருந்த ரவுன்சென்ட் ஹரிஸ் என்பவர் அக்கோரிக்கையை முன்னின்று நடத்தினார். உழைப்பாளியின் பிள்ளைக்கு உயர்கல்வி எதற்கு, அதற்கு வரி செலுத்துவோர் ஏன் பொறுப்பாதல் வேண்டும் என்று செல்வர் பலர் எதிர்த்தனர். மக்களின் பெருவாரியான வாக்குகள் கல்லூரியின் பக்கமே விழுந்தன. ‘இலவசக் கலாநிலையம்’ என்னும் பொருள்பட்ட பெயரோடு 1849இல் வகுப்புகள் ஆரம்பமாயின. 1866இல் அது நகரக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1907இல் ஹார்லெமின் மேட்டு நிலத்தில் கருங்கல்லாலான கோபுரங்களோடு புதிய வளாகம் எழுந்தது.

இக்காலப் பகுதியிலேதான் ரஷ்யா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து யூதக் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் நியூ யோர்க்கில் வந்திறங்கின. ஆடைத் தொழிற்சாலைகளிற் பன்னிரண்டு மணித்தியாலம் உழைத்த தையற்காரரின் பிள்ளைகளுக்கு ஹார்வாட், யேல், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. பணம் ஒரு தடை. பணம் இருந்தாலும், முதல் உலகப்போரை அடுத்து அந்நிறுவனங்கள் யூத மாணவரின் தொகையைக் குறைக்க மேற்கொண்ட ஏற்பாடுகள் மற்றொரு தடை. நகரக் கல்லூரியிற் கேட்கப்பட்டது பரீட்சைப் புள்ளி மாத்திரமே. ‘பாட்டாளிகளின் ஹார்வாட்’ என்னும் பட்டப்பெயர் அதற்கு ஏற்பட்டது இவ்வாறே. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க், 1934இல் இங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறியவர்.

கல்லூரியின் தன்மையே அதன் விளையாட்டுக் குழுக்களின் தன்மையையும் வகுத்தது. விடுதி வாழ்க்கை அக்காலத்தில் இங்கு இருக்கவில்லை. மாணவர் காலையிற் சுரங்க இரயிலில் வந்தனர். மாலையில் வேலைக்கோ வீட்டுக்கோ திரும்பினர். படகோட்டத்துக்கு ஆறும் படகும் வேண்டும். போலோவுக்குக் குதிரை வேண்டும். இம்மாணவரிடமோ ஒரு சோடி இறப்பர்ச் சப்பாத்துகளும் இரயிற் கட்டணமுமே இருந்தன. லெவிசன் என்னும் செல்வந்தரின் நன்கொடையால் 1915இல் ஒரு திறந்தவெளி அரங்கு கட்டப்பட்டது. ஆயினும் அமெரிக்கக் காற்பந்தாட்டம் இங்குப் பெரிதாகச் செழிக்கவில்லை. மல்யுத்தமும் வாட்போரும் கூடைப்பந்தாட்டமுமே சிறந்து விளங்கின. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் மல்யுத்தத்தில் தங்கப் பதக்கம் பெற்ற ஹென்றி விற்றன்பேர்க் இக்கல்லூரியின் மாணவராயிருந்தவர். பிழைப்புக்காகப் பொலிஸ் சேவையிற் சேர்ந்தவர். குழுக்களின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது பீவர் என்னும் விலங்கு. அது சிங்கமுமன்று, புலியுமன்று. பல்லால் மரத்தைக் கடித்து ஓயாது அணை கட்டுவது. நியூ யோர்க் நகரத்தின் இலச்சினையிலும் இடம்பெற்றது. நகரத்துக்கும் உழைப்புக்கும் உரிய சின்னம் என்ற வகையில் அது பொருத்தமானதே.

2

கூடைப்பந்தாட்டம் 1891இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. குளிர்காலத்திற் கூரையின் கீழ் ஆடத்தக்கதாக அமைந்த அவ்வாட்டம் மிகச் சிறிய காலத்துள் நகரச் சேரிகளின் ஆட்டமாயிற்று. காரணம் எளிது. அதற்குப் புல்வெளி வேண்டாம். ஒரு வளையமும் ஒரு பந்தும் ஐந்தாறு சிறுவர்களும் போதும். மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், சமூக சேவை நிலையங்களின் சிறு கூடங்களிற் குடியேறிகளின் பிள்ளைகள் அதனைப் பயின்றனர். அத்தகைய பிள்ளைகளுள் ஒருவர், 1896இற் பிறந்த நற் ஹொல்மன். தொழில்முறை ஆட்டக்காரராகப் பெரும் புகழ் ஈட்டிக்கொண்டிருக்கும்போதே 1919இல் அவர் நகரக் கல்லூரியின் பயிற்சியாளரானார். இடையீடுகள் நேர்ந்த போதிலும் 1960 வரை அப்பணியோடு தொடர்புற்றிருந்தார்.

ஹொல்மன் கற்பித்த முறை சேரிக் கூடங்களின் நெருக்கடியிற் பிறந்த முறையாகும். பந்தை ஒருவரே வைத்திராது விரைந்து கைமாற்றுதல், பந்து கையிலில்லாத வேளையிலும் இடையறாது ஓடிக்கொண்டிருத்தல், உயரத்தால் இயலாததை வேகத்தால் இயற்றுதல் என்பன அதன் கூறுகள். இதனைக் கண்ட பத்திரிகையாளர் சிலர் வியந்தனர், சிலர் வெறுத்தனர். பிரபல விளையாட்டு எழுத்தாளரான போல் கலிக்கோ 1938இல் வெளியிட்ட நூலில், இவ்வாட்டம் யூதருக்கு இசைந்திருப்பதற்கு அவர்களுடைய சூழ்ச்சிக் குணமே காரணம் என்னும் பொருள்பட எழுதினார். பிற்காலத்திற் கறுப்பின இளைஞர் இவ்வாட்டத்தில் முன்னணிக்கு வந்தபோது அது அவர்களின் பிறவி உடல்வாகு என்று கூறப்பட்டது. வறுமையும் இடநெருக்கடியும் உருவாக்கிய திறமையை இனத்தின் இரத்தத்தில் ஏற்றிச் சொல்லும் இப்பழக்கம், ஆளும் வகுப்புகளுக்கு என்றும் வசதியானது. சேரியைப் பற்றி அப்போது பேசவேண்டியதில்லை.

3

1930களின் பொருளாதார மந்தம் இக்கல்லூரியை அமெரிக்க மாணவர் இயக்கத்தின் மையமாக்கியது. சிற்றுண்டிச்சாலையின் சுவரோர வளைவுகள் ஒவ்வொன்றும் ஓர் அரசியற் பிரிவின் பாசறையாயிற்று. இரண்டாம் வளைவில் கம்யூனிஸ்டுகள் கூடினர்; முதலாம் வளைவில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகள் கூடினர். வகுப்பறையிலும் கூர்மையான விவாதங்கள் அங்கு நடந்தன. 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முசோலினியின் இத்தாலியிலிருந்து வந்த பாசிச மாணவர் குழுவொன்றுக்குக் கல்லூரித் தலைவர் றொபின்சன் வரவேற்பளித்தபோது மாணவர் கொதித்தெழுந்தனர். அவர்களைச் ‘சாக்கடைப் பிறவிகள்’ என்னும் பொருள்பட அவர் ஏசினார். இருபத்தொரு மாணவர் நீக்கப்பட்டனர். மறுமொழியாக மாணவர், தாம் சாக்கடைப் பிறவிகளே என்று அறிவிக்கும் வில்லைகளைச் சட்டையில் அணிந்து திரிந்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் குடியரசின் பக்கம் நின்று போரிடச் சென்ற மாணவரும் ஆசிரியரும் பலர். திரும்பாதோரும் அவருட் பலர். 1940-41இல் மாநிலச் சட்டசபையின் விசாரணைக் குழுவொன்று கல்லூரியிலிருந்து இடதுசாரி ஆசிரியர் பலரை வேலையிழக்கச் செய்தது.

விளையாட்டுக் குழுக்கள் இச்சூழலுக்குப் புறம்பாக நிற்கவில்லை. நியூ யோர்க்கின் பிற கல்லூரிகளிலும் நிலைமை அவ்வாறே. 1936இல் லோங் ஐலன்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டக் குழு, நாட்டின் தலைசிறந்த குழுக்களுள் ஒன்றாயிருந்தும், நாசிகளின் பேர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டிக்கான தேர்வு ஆட்டங்களிற் பங்குபற்ற மறுத்தது. 1940இல் நியூ யோர்க் பல்கலைக்கழகம், மிசூரிப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான காற்பந்தாட்டத்தில் தன் கறுப்பின வீரரான லெனாட் பேற்சை விலக்கி வைக்க உடன்பட்டது. வெள்ளையர் மட்டுமே ஆடவேண்டும் என்பது தென்புல நிறுவனங்கள் விதித்து, வடபுல நிறுவனங்கள் மௌனமாக ஏற்றுக்கொண்டிருந்த வழக்கம். ‘பேற்ஸ் ஆடவேண்டும்’ என்று மாணவர் ஆயிரக்கணக்கில் முழக்கமிட்டனர். அவ்வியக்கத்தை நடத்திய எழுவர் 1941இல் இடைநிறுத்தப்பட்டனர். அறுபது ஆண்டுகளின் பின், 2001இல், அதே பல்கலைக்கழகம் அவ்வெழுவரையும் அழைத்துக் கௌரவித்தது. நீதிக்காகக் குரல் கொடுத்தோரை நிறுவனங்கள் முதலிற் தண்டிப்பதும், ஆபத்து நீங்கிய பின் மாலை சூட்டுவதும் வரலாற்றிற் புதிதன்று.

இவ்விடத்து ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. மக்கள் கல்லூரி எனப்பட்ட நகரக் கல்லூரி, மக்களுட் பாதிப் பேருக்குத் தன் கலைப் பிரிவை 1951 வரை திறக்கவில்லை. அதுவரை பெண்கள் அங்கு அனுமதிக்கப்படவில்லை. கறுப்பின மக்களின் தலைநகரமான ஹார்லெமின் நடுவே நின்றும், அம்மக்களின் பிள்ளைகளை அது மிகச் சிறு தொகையிலேயே ஏற்றது. பரீட்சைப் புள்ளி எல்லோருக்கும் பொதுவானது என்பது உண்மை. அப்புள்ளியைப் பெறுவதற்கு வேண்டிய பள்ளிக்கூடங்கள் எல்லோருக்கும் பொதுவாயிருக்கவில்லை.

4

1934 வரை கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் கல்லூரிக் கூடங்களிலேயே நடந்தன. பார்வையாளர் மாணவரும் அயலவருமே. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நெட் ஐரிஷ் என்னும் பத்திரிகையாளர், கல்லூரி ஆட்டங்களை மடிசன் ஸ்குவெயார் கார்டன் என்னும் வர்த்தக அரங்குக்குக் கொண்டுவந்தார். ஒரே இரவில் இரண்டு ஆட்டங்கள். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பார்வையாளர். குத்துச்சண்டைக்கும் சர்க்கசுக்கும் உரிய அரங்கு கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டத்தால் நிரம்பியது. 1938இல் தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியும், 1939இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சுற்றுப்போட்டியும் தோன்றின. அரங்கின் முதலாளி இலாபம் பெற்றார். கல்லூரிகள் வாயில் வசூலிற் பங்கு பெற்றன. பத்திரிகைகள் விற்பனை பெற்றன. ஆட்டக்காரருக்கு ‘தொழில்முறையற்றோர்’ என்னும் கௌரவம் கிடைத்தது.

நுழைவுச் சீட்டு விற்ற இடத்துக்குச் சூதாட்டமும் வந்து சேர்ந்தது. முன்னர் வெல்வது யார் என்பதன் மீதே பந்தயம் வைக்கப்பட்டது. வலிய குழுவும் மெலிய குழுவும் மோதும்போது அத்தகைய பந்தயத்திற் சுவை இராது. ஆதலால் 1940களிற் புதிய முறையொன்று பரவிற்று. வலிய குழு இத்தனை புள்ளிகளால் வெல்லும் என்று பந்தயக்காரர் முன்கூட்டியே கணித்து அறிவிப்பர். பத்துப் புள்ளிகளால் வெல்லும் எனக் கணிக்கப்பட்ட குழு ஆறு புள்ளிகளால் மட்டும் வென்றால், அக்குழுவின் மீது பணம் வைத்தோர் தோற்றோராவர்.

இம்முறையின் நச்சுத்தன்மை இங்கேதான் உளது. ஆட்டக்காரன் தோற்கவேண்டியதில்லை. வென்றுகொண்டே விலைபோகலாம். இரண்டொரு பந்துகளைத் தவறவிட்டாற் போதும்; எதிரியைத் தடுப்பதில் ஒரு கணம் தாமதித்தாற் போதும். கல்லூரிக்குத் துரோகம் செய்யவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ள இளைஞனுக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. 1945ஆம் ஆண்டிலேயே புரூக்ளின் கல்லூரியின் ஐந்து ஆட்டக்காரர் பணம் பெற்றமை வெளிப்பட்டது. அபாய மணி அன்றே அடித்துவிட்டது. அதைக் கேட்டு அரங்கை விட்டு வெளியேறிய கல்லூரி எதுவுமில்லை.

5

1949-50ஆம் ஆண்டுப் பருவத்தில் நகரக் கல்லூரிக் குழுவின் முதல் ஐவர்: ஏர்வின் டம்புறொற், எட் றோமன், அல் றொத், எட் வார்னர், புளோயிட் லெயின். முதல் மூவர் யூதர். பின் இருவர் கறுப்பினத்தவர். டம்புறொற்றைத் தவிர ஏனைய நால்வரும் இரண்டாம் ஆண்டு மாணவர். எல்லோரும் நியூ யோர்க்கின் பொதுப் பள்ளிக்கூடங்களிற் கற்றவர். பிறொங்ஸ், புரூக்ளின், ஹார்லெம் வீதிகளின் பிள்ளைகள். முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் குழுக்கள் கறுப்பின வீரரை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1950இலேதான் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கல்லூரியின் சூழ்நிலையும் அப்போது அமைதியாயிருக்கவில்லை. 1949 ஏப்ரலில், யூத வெறுப்புக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு பேராசிரியரையும், விடுதியிற் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வேறொருவரையும் எதிர்த்து மாணவர் பெரும் பகிஷ்கரிப்பு நடத்தியிருந்தனர்.

1950 மார்ச் 14ஆம் நாள் அழைப்புச் சுற்றுப்போட்டியிற் கென்ரக்கிப் பல்கலைக்கழகக் குழுவை நகரக் கல்லூரி எதிர்கொண்டது. அடொல்ப் றப் என்னும் பயிற்சியாளரின் கீழ் 1948இலும் 1949இலும் தேசியப் பட்டம் பெற்ற குழு அது. 1969 வரை ஒரு கறுப்பின வீரரைத்தானும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்குமுன் நகரக் கல்லூரி வீரர் நீட்டிய கையைப் பற்றக் கென்ரக்கி வீரர் சிலர் மறுத்தனர் என்று அங்கிருந்தோர் கூறியுள்ளனர். ஆட்டம் முடிந்தபோது நகரக் கல்லூரி 89, கென்ரக்கி 50. முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசம்! அவ்விரவிற் கார்டன் அரங்கில் எழுந்த ‘அலகரூ’ என்னும் கல்லூரி முழக்கம் விளையாட்டு வெற்றிக்கான ஆரவாரம் மட்டுமன்று. தையற்காரரின் பிள்ளைகளும் அடிமைகளின் சந்ததியாரும் ஒரே சட்டையை அணிந்து நின்று, நிறவெறியின் கோட்டையைத் தகர்த்ததைக் கண்ட மக்களின் ஆரவாரம் அது.

மார்ச் 18இல் இறுதியாட்டத்திற் பிராட்லிப் பல்கலைக்கழகத்தை 69க்கு 61 என வென்று முதற் கிண்ணத்தைப் பெற்றனர். பத்து நாட்களின் பின், மார்ச் 28இல், மற்றைய சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்திலும் அதே பிராட்லியை 71க்கு 68 என வென்றனர். மறுநாள் வகுப்புகள் நின்றன. மாணவர் வீதிகளில் ஊர்வலம் வந்தனர். இலவசக் கல்வியென்றால் தரங்குறைந்த கல்வி என்றும், பல இனத்தவர் சேர்ந்தால் ஒழுங்கு கெடும் என்றும் சொல்லி வந்தோருக்கு அளிக்கப்பட்ட விடையாக அவ்வெற்றியை நகரம் எடுத்துக்கொண்டது.

6

1951 ஜனவரியில் மன்ஹற்றன் கல்லூரியின் முதலாவது கறுப்பின ஆட்டக்காரரான ஜூனியஸ் கெலொக்கிடம், முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் ஆயிரம் டொலர் தருவதாகப் பேசினார். ஐஸ்கிறீம் கடையொன்றிற் சொற்பக் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்விளைஞர் அதை மறுத்துத் தம் பயிற்சியாளரிடம் சென்று கூறினார். அரச வழக்குத் தொடுநர் பிராங் ஹோகனின் விசாரணை அதிலிருந்து விரிந்தது. பெப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, பிலடெல்பியாவிற் பெற்ற வெற்றியோடு இரயிலில் வந்திறங்கிய றோமன், றொத், வார்னர் மூவரும் நிலையத்திலேயே காவலிற் கொள்ளப்பட்டனர். எஞ்சியிருந்த லெயினை மாணவர் தோளிற் தூக்கிக் கொண்டாடினர். சில நாட்களில் அவரும் கைதானார். அவரது அறையில், பூந்தொட்டி ஒன்றினுள் 2,890 டொலர் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. டம்புறொற், மேகர், கோஹன் ஆகியோரும் அவர்களைத் தொடர்ந்தனர். மொத்தம் எழுவர்.

பணத்தை ஏற்பாடு செய்தவர் சல்வற்றோர் சொலாசோ என்னும் நகை வணிகர். இடைத்தரகர் லோங் ஐலன்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர் எடி கார்ட். கோடை விடுமுறையில் கற்ஸ்கில் மலைப்பகுதி ஹோட்டல்களில் ஆட்டக்காரர் பரிசாரகராக வேலை செய்வதும், இரவில் விருந்தினரின் பொழுதுபோக்குக்காகப் பந்தாடுவதும் வழக்கம். விருந்தினர் அவ்வாட்டங்களிற் பணம் வைத்துச் சூதாடுவர். கோடையிற் பரிசாரகனாகவும் பந்தயப் பொருளாகவும் இருந்தவனிடம், குளிர்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டொலர் என்று விலை பேசுவது எளிதாயிற்று.

விசாரணையின் முடிவில் நியூ யோர்க்கின் நான்கு நிறுவனங்களோடு பிராட்லி, ரொலிடோ, கென்ரக்கி ஆகியவையும் சேர்ந்து ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த முப்பத்திரண்டு ஆட்டக்காரரின் பெயர்கள் வெளிப்பட்டன. இது பெருநகரத்தின் நோய், நாட்டுப்புறத்தின் தூய காற்றில் இத்தகையன நிகழா என்று சொன்னோர் பலர். கென்ரக்கிப் பயிற்சியாளர் றப், சூதாடிகள் தம் பையன்களை நெருங்கவும் முடியாது என்று பெருமை பேசினார். 1951 ஒக்டோபரில் அவருடைய புகழ்பெற்ற முன்னாள் வீரர் மூவர் கைதாயினர்.

நவம்பர் 19ஆம் நாள் நீதிபதி சோல் ஸ்றைற் தண்டனைகளை அறிவித்தார். சொலாசோவுக்கு எட்டு முதல் பதினாறு ஆண்டுச் சிறை. லோங் ஐலன்ட் ஆட்டக்காரர் ஷேர்மன் வைற்றுக்கு ஓராண்டு. எட் வார்னருக்கு ஆறு மாதம். இருவரும் கறுப்பினத்தவர். றொத் இராணுவத்திற் சேர்வதன் மூலம் சிறையினின்றும் தப்ப இடமளிக்கப்பட்டது. பிராட்லி, கென்ரக்கி வீரர்கள் சிறை செல்லவில்லை. தொழில்முறைச் சங்கம் குற்றவாளிகள் அனைவருக்கும் வாழ்நாள் தடை விதித்தது.

7

இளைஞரின் குற்றத்தை மறைத்தல் நம் நோக்கமன்று. அவர்கள் விற்றது புள்ளிகளை மட்டுமன்று. தம்மில் நம்பிக்கை வைத்த ஆயிரக்கணக்கான ஏழை மாணவரின் பெருமையையும் விற்றனர். வறுமை அவர்கள் செய்கையை விளக்கலாம், நியாயப்படுத்த மாட்டாது. கெலொக்கும் வறியவரே, அவர் மறுத்தார். இதனைச் சொல்லத் தயங்கும் முற்போக்குவாதம் உழைக்கும் மக்களின் ஒழுக்க வலிமையை இழிவுபடுத்துவதாகும்.

ஆயின், குற்றவாளிக் கூண்டில் நின்றோர் இருபது வயதினர் மட்டுந்தானா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதே காலத்தில் ஹரி கிறோஸ் என்னும் புரூக்ளின் பந்தயக்காரர், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை பொலிசாருக்குக் கையூட்டாக வழங்கி வந்தமை வெளிப்பட்டது. அவ்வூழல் வெளியாகிக்கொண்டிருந்த வேளையில், 1950 ஆகஸ்டில், நகர முதல்வர் ஓட்வயர் பதவி துறந்து மெக்சிக்கோவுக்குத் தூதுவராகச் சென்றார். நகரக் கல்லூரிக்குட் சில ஆட்டக்காரரை அனுமதிப்பதற்காக அவர்களின் பாடசாலைப் புள்ளிப் பதிவுகள் திருத்தப்பட்டிருந்தன என்பதையும் ஸ்றைற்றின் விசாரணை கண்டது. புள்ளிகளை மாற்றிய பையனுக்குச் சிறை. புள்ளிப் பதிவை மாற்றிய கை எதுவென்று எவரும் கேட்டிலர். கார்டன் அரங்கு தன் வாயிலை மூடவில்லை. பந்தய விகிதங்களை அச்சிட்ட பத்திரிகைகளே மாணவரின் ஒழுக்கக்கேட்டைக் குறித்துத் தலையங்கம் எழுதின. 1951 மார்ச்சிலேயே இக்கல்லூரியின் பழைய மாணவரான ஜூலியஸ் றோசன்பேர்க்கின் வழக்கும் நடந்துகொண்டிருந்தமையால், மக்கள் கல்லூரியை வெறுத்தோருக்கு அம்மாதம் இருமடங்கு விருந்தாயிற்று.

ஒரு குழு எவருடையது என்பதே இவ்வரலாற்றின் அடிநாதம். கல்லூரிக் கூடத்தில் ஆடியபோது அது மாணவருடையதாயிருந்தது. வர்த்தக அரங்கில் ஆடத் தொடங்கியதும் பெயரளவிற் கல்லூரியுடையதாயிற்று. நடைமுறையிற் சீட்டு விற்றவனுடையதாயிற்று. மறைவிற் பந்தயம் வைத்தவனுடையதாயிற்று. தன் உழைப்பின் பயனை எல்லோரும் பகிர்ந்துகொள்வதைக் கண்ட ஆட்டக்காரன், கடைசியில் தன்னையே விற்பனைக்கு வைத்தான். அரங்கு அவனுக்குக் கற்பித்த பாடம் அதுவே.

8

கல்லூரி கார்டன் அரங்கைக் கைவிட்டது. 1952இல் இடைநிறுத்தப்பட்ட ஹொல்மன் 1954இல் மீண்டார். பழைய குழு மீளவில்லை. 1961இல் நகரத்தின் பொதுக் கல்லூரிகள் ஒன்றிணைந்து நகரப் பல்கலைக்கழகமாயின. பின்னர் நகரக் கல்லூரியின் குழுக்கள், விளையாட்டுக்கென உதவிப் பணம் வழங்காத மூன்றாம் பிரிவில் இடம்பெற்றன. சிறு கூடங்களில், நண்பரும் உறவினரும் பார்த்திருக்க, வேலைக்கும் வகுப்புக்கும் இடையில் மாணவர் ஆடினர். இதனை வீழ்ச்சி என்பர் விளையாட்டுப் பத்திரிகையாளர். குழு மாணவரிடமே மீண்டது என்று நாம் கொள்வதற்கும் இடமுண்டு.

1969 ஏப்ரலிற் கறுப்பின, புவேட்டோ றிக்கோ மாணவர் வளாகத்தைக் கைப்பற்றி, அயலிலுள்ள மக்களுக்குக் கல்லூரியைத் திறக்கும்படி கோரினர். 1970 முதல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறியோர் அனைவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 1974இற் கல்லூரி தன் கூடைப்பந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சியாளராகப் புளோயிட் லெயினை அழைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பிறொங்ஸ் சிறுவருக்குப் பந்தாடக் கற்பித்துக்கொண்டிருந்தார். அச்சிறுவருள் ஒருவரே பின்னர் தொழில்முறை ஆட்டத்திற் புகழ்பெற்ற நேற் ஆச்சிபோல்ட். தொழில்முறைச் சங்கம் மன்னிக்காதவரை மக்கள் கல்லூரி மன்னித்தது. எட் றோமனோ உளவியல் கற்றுப் பள்ளிப் பிள்ளைகளிடையே பணியாற்றினார்.

1976இல் நகரின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி, ஏறக்குறைய 130 ஆண்டுகளாக நிலவிய இலவசக் கல்வி ஒழிக்கப்பட்டது. யூதத் தையற்காரரின் பிள்ளைகள் இலவசமாகக் கற்ற இடத்தில், கறுப்பினத்தவரும் புவேட்டோ றிக்கோ மக்களும் பெருந்தொகையாக நுழைந்த ஐந்தாறு ஆண்டுகளுள் கட்டணம் விதிக்கப்பட்டது. 1951இல் சில புள்ளிகளை விற்ற இளைஞர் வாழ்நாள் முழுதும் தண்டனை அனுபவித்தனர். 1976இல் ஒரு தலைமுறையின் கல்வியுரிமையை விலைக்கு வைத்தோர் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

இலவசக் கல்வி என்பதன் பொருளை அனுபவத்தில் உணர்ந்த ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றை ஊன்றிக் கற்றல் வேண்டும். கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் விளம்பரப் பலகை நாட்டப்படும்போதும், நன்கொடையாளரின் பெயர் மாணவரின் சட்டையில் ஏறும்போதும், வெற்றிக்காகப் பரீட்சைப் பதிவுகளிற் கை வைக்கப்படும்போதும் வாளாவிருத்தலாகாது. எமது குழு எவருடையது என்று அவ்வேளையிற் கேட்போர் வேண்டும். 1950 மார்ச்சில் ஹார்லெம் மேட்டிலிருந்து இறங்கி ஊர்வலம் வந்த மாணவர், அதற்கு விடை தமக்குத் தெரியும் என்று நம்பினர். அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒவ்வொரு கல்லூரியிலும் அங்குக் கற்போரையும் கற்பிப்போரையுமே சார்ந்தது.